சிலிக்கானின் குறைகளைக் கணினியில் தேடுவது: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் குடியாத்தத்துக்காரி. சோலார் செல்லுக்கான சிலிக்கானில் இருக்கும் குறைபாடுகளைக் கணினியில் கணக்கிட்டுப் பார்ப்பதுதான் முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்ட வேலை, இன்றும் அதையேதான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் காட்பாடியில் பத்துப் பன்னிரண்டு மாணவர்களோடு உட்கார்ந்து இதைப் பற்றிப் பேசுவது வழக்கம். சில நேரம் அவர்களுடைய அப்பா அம்மாவும் வருவார்கள், ராணிப்பேட்டையில் பேனல் மாட்டும் அண்ணன் ஒருவர் வருவார். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே, பதிலோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

அக்கா, வேலூரில் இல்லாத வெயிலா? பேனல்தான் நன்றாக ஓடுகிறதே, இதில் கணினியை வைத்து மேம்படுத்த என்ன இருக்கிறது?

வெயில் நிறைய இருக்கிறது, ஆனால் பேனல் அதில் எவ்வளவை மின்சாரமாக மாற்றுகிறது என்று பாருங்கள். இப்போது கடையில் கிடைக்கும் நல்ல பேனல்கள் 21 முதல் 23 சதவீதம் வரை மாற்றுகின்றன. மீதி எங்கே போகிறது என்பதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, சிலிக்கானின் இயல்பாலேயே போவது. சிலிக்கானில் ஓர் எலக்ட்ரானை அதன் இடத்திலிருந்து கிளப்ப 1.12 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும், அதைத்தான் பேண்ட் கேப், ஆற்றல் இடைவெளி என்கிறோம். அதற்குக் கீழே ஆற்றல் உள்ள அகச்சிவப்பு ஒளி சிலிக்கானைச் சும்மா கடந்து போய்விடும், வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அப்படிப் போகிறது. அதற்கு மேலே உள்ள நீலம், பச்சை ஒளியில் 1.12 போக மிஞ்சியதெல்லாம் சூடாகிவிடும், அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இவற்றை எல்லாம் கழித்து, தவிர்க்கவே முடியாத இன்னும் சில இழப்புகளையும் கழித்து, தனிச் சிலிக்கான் செல்லுக்கு உச்ச வரம்பு 29.4 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1954-இல் பெல் ஆய்வகத்தில் சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் செய்த முதல் உருப்படியான சிலிக்கான் செல் 6 சதவீதம் தந்தது. 2022-இல் சீனாவின் லாங்கி நிறுவனம் 26.81 சதவீதம் வரை வந்தது.

இரண்டாவது வகை, சிலிக்கானில் உள்ள குறைகளால் போவது. வெளிச்சம் பட்டு எலக்ட்ரான் கிளம்பிவிட்டது, கம்பிக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி, வழியில் ஒரு குறைபாட்டில் மாட்டிக்கொண்டு திரும்பவும் அடங்கிவிடுகிறது. உழைத்து விளைந்த நெல் களத்துமேட்டுக்கு வருவதற்குள் வழியில் சிந்திப்போகிற மாதிரி. இந்தச் சிந்தலைத்தான் நாம் குறைக்க முடியும், எங்கே சிந்துகிறது, ஏன் சிந்துகிறது என்று அணு அளவில் பார்க்கத்தான் கணினி வேண்டியிருக்கிறது.

கணினி மாதிரி என்றால் அனிமேஷன் படம் போலச் செய்து காட்டுவதா?

படம் கடைசியில் வரும், அது அலங்காரம். முதலில் வருவது சமன்பாடு. அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று கணினிக்குச் சொல்கிறோம், இயற்பியல் விதிகள் என்ன என்று சொல்கிறோம், எலக்ட்ரான்கள் எப்படிப் பரவியிருக்கும், மொத்த ஆற்றல் எவ்வளவு, ஒவ்வோர் அணு மேலும் எந்தப் பக்கம் விசை என்று அது கணக்குப் போட்டுத் தருகிறது.

இந்த வேலையை மூன்று மாடி வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கீழ்த் தளத்தில் குவாண்டம் கணக்கு, சில நூறு அணுக்கள்தான் தாங்கும், ஆனால் எலக்ட்ரான் வரைக்கும் பார்க்கலாம். நடு மாடியில் அணு இயக்கவியல் கணக்கு, ஆயிரம், லட்சம் அணுக்கள் அசைவதைப் பார்க்கலாம், எலக்ட்ரான் தெரியாது. மேல் மாடியில் செல் முழுவதும், அங்கே அணுவே கிடையாது, தடிமன், மின்னோட்டம், மின்னழுத்தம், எலக்ட்ரானின் ஆயுள் (கிளம்பிய எலக்ட்ரான் திரும்ப அடங்கும் வரை உள்ள நேரம்) இவைதான் எண்கள். கீழே கிடைத்த எண்ணை மேலே எடுத்துப்போய்ப் போட்டால்தான், ஓர் இரும்பு அணு செய்த கெடுதல் பேனலில் எத்தனை வாட் என்று தெரியும். நிறையப் பேர் ஒரே மாடியில் வாழ்நாள் முழுக்க இருந்துவிடுகிறார்கள், தப்பில்லை, ஆனால் படிக்கட்டு எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

டி.எஃப்.டி., டி.எஃப்.டி. என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன? கணக்கு வராதவர்களுக்கும் புரிகிற மாதிரிச் சொல்லுங்கள்.

டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி, தமிழில் அடர்த்திச் சார்புக் கோட்பாடு எனலாம். சிலிக்கான் படிகத்தின் மிகச் சிறிய அலகில் 2 அணுக்கள், அணுவுக்கு 14 எலக்ட்ரான், மொத்தம் 28. ஒவ்வொரு எலக்ட்ரானும் மற்ற 27-ஐயும் தள்ளிக்கொண்டே இருப்பதால் தனித்தனியாகக் கணக்கிட முடியாது, எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால் 84 மாறிகள் கொண்ட ஒரு சமன்பாடு வரும். அதை நேராகத் தீர்க்க எந்தக் கணினியாலும் ஆகாது.

காலையில் காட்பாடி ஜங்ஷனில் நின்று பாருங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற கூட்டம், சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்த வெளிமாநிலத்துக் குடும்பங்கள், கல்லூரிப் பிள்ளைகள். ஒவ்வொருவர் பின்னாலும் ஆள் விட்டுத் தொடர்வது ஒரு வழி. எந்த இடத்தில் எவ்வளவு நெரிசல் என்று மட்டும் ஒரு வரைபடம் வைத்துக்கொள்வது இன்னொரு வழி. 1964-இல் ஹோஹென்பெர்கும் வால்ட்டர் கோனும் நிரூபித்தது என்னவென்றால், எலக்ட்ரான்கள் மிகக் குறைந்த ஆற்றலில் அடங்கியிருக்கும்போது இந்த நெரிசல் வரைபடம் ஒன்றே போதும், மற்ற எல்லாமே அதற்குள் அடக்கம் என்பது. 84 மாறிகள் 3 ஆகிவிட்டன: நீளம், அகலம், உயரம். அடுத்த வருடம் கோனும் ஷாமும் அதை நடைமுறையில் எப்படிக் கணக்கிடுவது என்று வழி காட்டினார்கள். கோனுக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது, அதுவும் வேதியியலுக்கு.

ஒரு சிக்கல் மட்டும் இன்றும் இருக்கிறது. அந்த நெரிசலிலிருந்து ஆற்றலைக் கண்டுபிடிக்கும் சூத்திரத்தில் ஒரு பகுதி யாருக்கும் சரியாகத் தெரியாது, தோராயமாகத்தான் எழுதுகிறோம். அடுத்த கேள்வியே அதிலிருந்துதான் வருகிறது.

அக்கா, நான் சிலிக்கானுக்குக் கணக்கு ஓட்டினேன், பேண்ட் கேப் 0.6 வருகிறது. புத்தகத்தில் 1.12. மூன்று தடவை ஓட்டிவிட்டேன். எங்கே தப்பு?

உன் மேல் தப்பில்லை. சாதாரணமாகப் பயன்படுத்தும் எல்.டி.ஏ., பி.பி.இ. தோராயங்களில் சிலிக்கானுக்கு 0.5-லிருந்து 0.6 வரைதான் வரும், உலகத்தில் எந்த மூலையில் ஓட்டினாலும் அப்படித்தான். எலக்ட்ரான் தன்னைத் தானே தள்ளுகிற ஒரு பொய்யான விசை அந்தச் சூத்திரங்களில் முழுதாகக் கழியாமல் நின்றுவிடுகிறது, அப்புறம் கோன்-ஷாம் கணக்கில் கிடைக்கும் இடைவெளியும் உண்மையான இடைவெளியும் அடிப்படையிலேயே ஒன்று அல்ல. எச்.எஸ்.இ. என்கிற கலப்புச் சூத்திரம் போட்டால் 1.15 பக்கம் வந்துவிடும், ஆனால் நேரம் பல மடங்கு எடுக்கும். ஜி.டபிள்யூ. என்கிற முறையும் நன்றாகத் தரும், அது இன்னும் கனமான கணக்கு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், குறைபாட்டைப் பற்றிய கணக்குக்குப் போகும்போது இந்த 0.6 ஆளைக் கவிழ்த்துவிடும். மாசு அணுவின் ஆற்றல் மட்டம் அந்த இடைவெளிக்குள் எங்கே விழுகிறது என்பதுதான் அங்கே கேள்வி, இடைவெளியே பாதியாகச் சுருங்கியிருந்தால் மட்டம் இடைவெளியை விட்டு வெளியே போய்விட்டதாகக்கூடக் காட்டும். பேண்ட் கேப் தப்பாக வந்தாலும் அணுக்கள் உட்காரும் இடம், பிணைப்பின் நீளம், அதிர்வு இவையெல்லாம் பி.பி.இ.யிலேயே நன்றாக வரும். ஆகவே இடத்தை மலிவான முறையில் கண்டுபிடித்துவிட்டு, மட்டத்துக்கு மட்டும் விலை உயர்ந்த முறையைப் போடுவது நாங்கள் செய்கிற வழக்கம்.

இன்னொன்றும் பார். சிலிக்கானில் கடத்தும் பட்டையின், அதாவது கிளம்பிய எலக்ட்ரான் போய்ச் சேரும் ஆற்றல் மட்டங்களின், அடிமட்டம் காமா புள்ளியிலிருந்து எக்ஸ் புள்ளிக்கு (எலக்ட்ரானின் உந்தத்தைக் குறிக்கும் வரைபடத்தில் பெயர் வைத்த இடங்கள் இவை) போகும் வழியில் ஏறக்குறைய 85 சதவீதத் தூரத்தில் இருக்கிறது, எந்த முக்கியப் புள்ளியிலும் இல்லை. புள்ளிகளை மட்டும் பார்த்துவிட்டு வழியைப் பார்க்காமல் விட்டால் எண் தப்பாகிவிடும். போன மாதம் மூன்று பேர் இதே இடத்தில் சறுக்கினார்கள்.

எந்த மாசு ரொம்பக் கெடுதல்? அது எவ்வளவு இருந்தால் ஆபத்து?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷெட்டில் வேலை செய்தவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட தோலில் இரும்பு பட்டால் அந்த இடம் கறுத்துப் போகும், ஈரத் தோலைத் துருப்பிடித்த எதன் மேலும் போட மாட்டார்கள். சிலிக்கானுக்கும் இரும்பு ஆகாது. ஒரு கன சென்டிமீட்டர் சிலிக்கானில் 5-க்குப் பின்னால் 22 சுழி போட்ட அளவு அணுக்கள். அதில் இரும்பு 1-க்குப் பின்னால் 12 சுழி, அதாவது 5,000 கோடி சிலிக்கான் அணுவுக்கு ஓர் இரும்பு அணு இருந்தாலே, போரான் கலந்த சிலிக்கானில் எலக்ட்ரானின் ஆயுள் ஒன்றிரண்டு மைக்ரோ வினாடிக்கு இறங்கிவிடும். நல்ல செல்லுக்கு நூற்றுக்கணக்கான மைக்ரோ வினாடி வேண்டும்.

ஓர் அணு எப்படி இவ்வளவு செய்கிறது? மாடு கட்டித் தண்ணீர் இறைத்த, நம் பக்கத்துப் பழைய கவலைக் கிணறுகளை நினைத்துக்கொள்ளுங்கள். படியே இல்லாத ஆழக் கிணற்றில் யாரும் ஒரே தாவலில் இறங்க மாட்டார்கள். நடுவாக்கில் ஒரு கல் நீட்டிக்கொண்டிருந்தால் அதில் கால் வைத்து இறங்கிவிடலாம். ஆற்றல் இடைவெளி அந்தக் கிணறு. சுத்தமான சிலிக்கானில் எலக்ட்ரான் கீழே இறங்குவது கடினம். இரும்பு அணு, வேலன்ஸ் பட்டைக்கு, அதாவது கிணற்றின் அடிக்கு, 0.38 எலக்ட்ரான் வோல்ட் மேலே ஒரு கல்லை நீட்டி வைக்கிறது. எலக்ட்ரான் மேலிருந்து அதில் இறங்கும், துளை, அதாவது எலக்ட்ரான் கிளம்பிப் போன காலி இடம், கீழிருந்து அதில் வந்து சேரும், இரண்டும் சேர்ந்து அழிந்துவிடும், கல் அடுத்த ஜோடிக்குத் தயாராக அங்கேயே இருக்கும். ஒரே இரும்பு அணு ஓயாமல் இதைச் செய்துகொண்டே இருப்பதால்தான் இத்தனை சேதம். ஷாக்லி, ரீட், ஹால் மூவரும் 1952-இல் இதற்குக் கணக்கு எழுதினார்கள், இன்றும் அதுதான் அடிப்படை.

கணினியில் என்ன செய்கிறோம் என்றால், 8 அணுக்கள் கொண்ட கனசதுர அலகை மூன்று திசையிலும் மும்மூன்றாக அடுக்கி 216 அணுக்கள் கொண்ட ஒரு பெரிய பெட்டி செய்கிறோம். அணுக்களுக்கு நடுவே உள்ள இடுக்கில் ஓர் இரும்பை வைக்கிறோம். சுற்றியுள்ள சிலிக்கான்கள் எவ்வளவு விலகுகின்றன, எலக்ட்ரான் ஒன்றைப் பறித்தால் ஆற்றல் எவ்வளவு மாறுகிறது, பக்கத்தில் போரான் இருந்தால் ஒட்டிக்கொள்கிறதா, பாஸ்பரஸ் ஏற்றிய மேற்பரப்பை நோக்கி நகர எவ்வளவு தடை, இப்படி ஒவ்வொன்றாகக் கேட்கலாம். கடைசிக் கேள்விக்கு நேரடிப் பயன் உண்டு. பாஸ்பரஸ் ஏற்றும்போது இரும்பு அந்தப் பக்கம் இழுக்கப்பட்டு செல்லின் உள்பகுதி சுத்தமாகிறது, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வைத்தால் நன்றாகச் சுத்தமாகும் என்று சொல்ல இரும்பு நகரும் வேகம் தெரிய வேண்டும்.

ஆனால் இதில் ஒரு பெரிய எச்சரிக்கை இருக்கிறது. 216-க்கு ஓர் இரும்பு என்றால், 5,000 கோடிக்கு ஒன்று என்கிற நிஜத்தைவிட அது 23 கோடி மடங்கு அடர்த்தி. பெட்டி எல்லாத் திசையிலும் திரும்பத் திரும்ப வருவதாகத்தான் கணக்கு போடுகிறோம், ஆகவே இந்தப் பெட்டி இரும்பு அடுத்த பெட்டி இரும்பைப் பார்த்துக்கொள்ளும். மின்சுமை ஏற்றினால் இன்னும் மோசம். 64, 216, 512 என்று பெட்டியைப் பெரிதாக்கி எண் நிலைக்கிறதா என்று பார்க்காமல் எந்த முடிவையும் எழுதக் கூடாது, இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மேடம், நான் ராணிப்பேட்டையில் பேனல் மாட்டுகிறவன். புதுப் பேனல் மாட்டின சில நாளிலேயே கொஞ்சம் இறங்கிவிடுகிறது, கம்பெனியைக் கேட்டால் அது சகஜம் என்கிறார்கள். உண்மையா?

உண்மைதான் அண்ணா, ஆனால் சகஜம் என்பதோடு விட்டிருக்க வேண்டியதில்லை, காரணத்தையும் சொல்லியிருக்கலாம். பழைய வகைச் செல்களில் சிலிக்கானோடு போரான் கலப்பார்கள். உருக்கிய சிலிக்கானிலிருந்து படிகத்தை மெல்ல இழுத்து எடுக்கும்போது அதை வைத்திருக்கும் குவார்ட்ஸ் பாத்திரத்திலிருந்து ஆக்சிஜன் கரைந்து உள்ளே போய்விடும். வெயில் பட்டதும் போரானும் ஆக்சிஜனும் சேர்ந்து ஒரு கூட்டுக் குறைபாடு உண்டாகி எலக்ட்ரானைப் பிடிக்க ஆரம்பிக்கிறது, முதல் சில மணி நேரம், சில நாட்களிலேயே. பிறகு இறக்கம் ஓரிடத்தில் நின்றுவிடும்.

அந்தக் கூட்டில் எத்தனை ஆக்சிஜன், எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது பல பத்தாண்டு விவாதம். ஒவ்வொருவரும் ஓர் அமைப்பைச் சொல்ல, அந்த அமைப்பு நிலைக்குமா, சோதனையில் தெரிகிற மட்டத்தைத் தருமா என்று டி.எஃப்.டி.யில் போட்டுப் பார்த்துப் பல யோசனைகளைத் தள்ளியிருக்கிறார்கள். இதற்குள் தொழிற்சாலைகள் போரானுக்குப் பதில் காலியம் கலக்க ஆரம்பித்துவிட்டன, 2020-ஐ ஒட்டிப் பெரும்பாலானவை மாறின. காலியம் ஆக்சிஜனோடு அந்த மாதிரிக் கூட்டுச் சேர்வதில்லை. பாஸ்பரஸ் கலந்த என்-டைப் செல்களுக்கும் இந்தத் தொல்லை இல்லை. அடுத்த தடவை வாங்கும்போது காலியமா, என்-டைப்பா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் மாடியில் கால் வைக்க முடியவில்லை. அந்தச் சூட்டில் பேனல் இன்னும் நன்றாகத்தானே வேலை செய்யும்?

இல்லை, சூடு ஏற ஏறக் குறையும். வெளிச்சம்தான் சாப்பாடு, சூடு எதிரி. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது பேனலின் உள்சூடு 65 டிகிரி வரை போய்விடும். பேனலின் வாட் அளவு 25 டிகிரியில் அளந்தது. டிகிரிக்கு 0.35 சதவீதம் இழக்கும் பேனல் என்றால் 40 டிகிரி வித்தியாசத்துக்கு 14 சதவீதம் போயிற்று. டிகிரிக்கு 0.25 மட்டும் இழக்கும் ஹெட்டரோஜங்ஷன் வகை என்றால் 10 சதவீதம். நம் ஊருக்கு இந்த எண் மிகவும் முக்கியம், ஆனாலும் பெரும்பாலானவர்கள் வாட்டையும் விலையையும் மட்டும் பார்த்து வாங்குகிறார்கள்.

ஒரு வகை ஏன் குறைவாக இழக்கிறது? சூடு ஏறினால் சிலிக்கானுக்குள் தானாகக் கிளம்பும் எலக்ட்ரான்-துளை ஜோடிகள் கூடுகின்றன, அவை ஒன்றோடொன்று சேர்ந்து அழிவதும் கூடுகிறது, மின்னழுத்தம் இறங்குகிறது. குறைபாடு குறைந்த செல்லின் மின்னழுத்தம் ஏற்கெனவே உயரத்தில் இருப்பதால் சூட்டுக்கு அது அவ்வளவாக இறங்குவதில்லை. அதாவது அணு அளவில் ஒரு குறையைச் சரி செய்தால் வேலூர் மே மாதத்தில் இரண்டு முறை லாபம்: வழியில் அழியும் எலக்ட்ரானும் குறைகிறது, சூட்டால் போவதும் குறைகிறது. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் இருக்கிறது, ஏனென்றால் நான் பார்க்கிற வேலைக்கும் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு தெரிந்தது.

ஹெட்டரோஜங்ஷனில் செய்வது இதுதான். வேஃபரை, அதாவது செல் செய்யும் மெல்லிய சிலிக்கான் தகட்டை, அறுத்த இடத்தில், மேற்பரப்பில் உள்ள சிலிக்கான் அணுக்களுக்குக் கைகோக்கப் பக்கத்தில் ஆள் இல்லை, நான்கு பிணைப்பில் ஒன்று இரண்டு அந்தரத்தில் தொங்கும். தொங்கும் ஒவ்வொரு பிணைப்பும் கிணற்றில் நீட்டிய கல். அதன் மேல் ஹைட்ரஜன் நிறைந்த, படிகமில்லாத சிலிக்கானைச் சில நானோமீட்டர் பூசினால் ஹைட்ரஜன் போய் அந்தப் பிணைப்புகளில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்தப் படிகமில்லாத சிலிக்கானை எப்படிக் கணினியில் செய்வீர்கள்? அதற்கு ஒழுங்கே இல்லையே?

உருக்கி உறைய வைப்போம், கணினிக்குள்ளேயே. அணு இயக்கவியல் கணக்கில் சிலிக்கானை உருகுநிலையான 1,414 டிகிரிக்கு மேலே சூடாக்கி, பிறகு வேகமாகக் குளிர வைத்தால் அணுக்கள் வரிசையில் நிற்க நேரமில்லாமல் கலைந்தபடியே உறைந்துவிடும். ஒவ்வொரு அடிக்கும் ஒரு ஃபெம்டோ வினாடி, ஒரு வினாடியை லட்சம் கோடியாகப் பிரித்தால் வரும் துண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் நிஜத்தைவிடப் பல கோடி மடங்கு வேகத்தில் குளிர வைக்க வேண்டியதாகிறது, குறைபாடுகள் அளவுக்கு மீறி வந்துவிடும். 1985-இல் வூட்டன், வைனர், வெயர் மூவரும் வேறு வழி சொன்னார்கள்: படிகத்தில் தொடங்கிப் பிணைப்புகளை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டே போவது. குறை குறைந்த மாதிரி வேண்டுமென்றால் இன்றும் அதுதான் எனக்கு நல்ல தொடக்கம்.

அணுக்களுக்கு இடையே உள்ள விசைக்கு 1985-இல் ஸ்டில்லிங்கர்-வெபர், அப்புறம் டெர்சாஃப் என்று கையால் எழுதிய சூத்திரங்கள் இருந்தன. வேகமானவை, ஆனால் துல்லியம் குறைவு. இப்போது டி.எஃப்.டி. கணக்குகளைக் காட்டி இயந்திரத்துக்கே விசையைக் கற்றுத்தருகிறார்கள். 2018-இல் பார்ட்டோக், சானி குழுவினர் சிலிக்கானுக்கு அப்படி ஒன்றை வெளியிட்டார்கள், 2021-இல் ஒரு லட்சம் அணுக்கள் கொண்ட ஒழுங்கற்ற சிலிக்கானை இந்த முறையில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். நான் படிக்கும்போது 216 அணுவுக்கே வரிசையில் நின்றவள்.

பழைய சோலார் கால்குலேட்டரில் இருக்கும் சாக்லெட் நிறப் பட்டை இந்தச் சிலிக்கான்தான். வெயிலில் அது நாளாக ஆகத் தளர்ந்துபோவதை 1977-இல் ஸ்டேப்லரும் ரான்ஸ்கியும் கண்டுபிடித்தார்கள். ஹைட்ரஜன் இதில் என்ன பங்கு வகிக்கிறது என்று இன்றும் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

புது வகைச் சிலிக்கானையே கணினியில் கண்டுபிடித்துவிட முடியாதா?

முயல்கிறார்கள். சிலிக்கான் ஒளியை விழுங்குவதில் மந்தம், 1,000 நானோமீட்டர் ஒளி 150 மைக்ரான் உள்ளே போனால்தான் பெரும்பகுதி அடங்கும், அதனால்தான் வேஃபரை அந்தத் தடிமனில் வைக்கிறோம். அணுக்களை வேறு விதமாக அடுக்கினால் நன்றாக விழுங்கும் சிலிக்கான் கிடைக்கும் என்று கணக்குகள் நிறைய வந்துள்ளன. கார்னெகி நிறுவனத்தில் சோடியம் கலந்த சிலிக்கானை உயர் அழுத்தத்தில் செய்து சோடியத்தை வெளியேற்றி, 24 அணு அலகு கொண்ட ஒரு திறந்த அமைப்பை உண்டாக்கினார்கள், அதன் இடைவெளி 1.3 எலக்ட்ரான் வோல்ட் பக்கம். கையளவு செய்வதே கடினம். இதைவிட இருக்கிற சிலிக்கானின் குறையைத் தீர்ப்பதில்தான் நம் மாணவர்கள் நேரத்தைப் போட வேண்டும் என்பேன்.

இதற்கு என்ன கணினி வேண்டும்? என்னிடம் 8 ஜி.பி. லேப்டாப்தான் இருக்கிறது, எங்கள் ஊரில் கரண்ட்டும் அடிக்கடி போகும்.

தொடங்கப் போதும். குவாண்டம் எஸ்பிரஸோ என்கிற மென்பொருள் இலவசம், லினக்ஸில் போட்டுக்கொள்ளலாம். 2 அணுச் சிலிக்கான் ஒரு நிமிடத்துக்குள் முடியும். வாஸ்ப் என்கிற இன்னொரு மென்பொருள் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அதை இப்போது நினைக்காதே. அணு இயக்கவியலுக்கு லாம்ப்ஸ், செல் அளவுக்கு பிசி-1டி, ஸ்கேப்ஸ், இவையும் இலவசமாகக் கிடைப்பவை. பிசி-1டியில் எலக்ட்ரான் ஆயுளை 1 மைக்ரோ வினாடியிலிருந்து 1,000 வரை ஏற்றிக்கொண்டே போய் மின்னழுத்தம் எப்படி ஏறுகிறது என்று ஒரு சாயங்காலத்தில் பார்த்துவிடலாம்.

பெரிய கணக்குக்கு லேப்டாப் தாங்காது. டி.எஃப்.டி.யில் அணுக்கள் இரண்டு மடங்கானால் நேரம் எட்டு மடங்காகும். 216 அணுவுக்கு நிறுவனங்களில் உள்ள கணினித் தொகுப்பு வேண்டும். பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் 2022 முதல் பரம் பிரவேகா என்கிற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. அந்த மாதிரி இடங்களில் வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து ஒரு நல்ல கேள்வியோடு போனால் வழி திறக்கும். கரண்ட் விஷயத்துக்கு, இடையிடையே நிலையைச் சேமிக்கும்படி அமைத்துவிடு, திரும்ப வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் வருடம் இதைச் செய்யாமல் ஐந்து நாள் ஓடிய கணக்கை ஒரே இரவில் இழந்திருக்கிறேன், அன்று அழுதேன்.

பன்னிரண்டாவது வரை தமிழ்வழியில் படித்தவள் நான், இதெல்லாம் இங்கிலீஷில்தானே இருக்கிறது. என்னால் முடியுமா?

முடியும். நானும் தமிழ்வழிதான். உள்ளீட்டுக் கோப்பில் வரும் ஆங்கிலச் சொற்கள் முப்பது நாற்பதுதான், ஒரு மாதத்தில் கை பழகிவிடும். கடினம் சொல்லில் இல்லை, எலக்ட்ரான் ஏன் அங்கே போகிறது என்று யோசிப்பதில் இருக்கிறது, அந்த யோசனையை உனக்கு எந்த மொழியில் வேகமாக வருகிறதோ அதில் செய். குறிப்பேட்டில் தமிழில் எழுது, ஆய்வுக் கட்டுரை வாசிக்கும்போது அகராதி வைத்துக்கொள். குழுவில் யாரும் உன்னைச் சிரிக்க மாட்டார்கள், சிரிக்க நான் விட மாட்டேன்.

கணினி சொன்ன எண்ணை எப்படி நம்புவது?

அளந்து தெரிந்த எண்ணோடு முதலில் ஒப்பிட வேண்டும். சிலிக்கானின் அணிக்கோவை நீளம், அதாவது 8 அணு கனசதுர அலகின் பக்க நீளம், 5.431 ஆங்ஸ்ட்ராம் என்று அளந்திருக்கிறார்கள், பி.பி.இ.யில் 5.47 வரும், அது அந்தத் தோராயத்தின் வழக்கமான பிழை. 5.3 வந்தால் உன் கணக்கில் கோளாறு. இன்னொரு நல்ல சோதனை ராமன் நிறமாலை. 1928-இல் சி.வி. ராமன் கண்ட விளைவுதான், சிலிக்கான் படிகத்துக்கு 520 என்கிற அலையெண்ணில் ஒரே கூர்மையான முகடு தரும், படிகமில்லாததில் அது 480 பக்கம் அகன்று கிடக்கும். உன் மாதிரியிலிருந்து அதிர்வைக் கணக்கிட்டு இதோடு வைத்துப் பார்.

சரி அக்கா, நாளைக்கே உட்கார்ந்தால் முதலில் என்ன செய்யட்டும்?

2 அணுச் சிலிக்கான். அணிக்கோவை நீளத்தை 5.30-இலிருந்து 5.60 வரை 0.05 ஏற்றி ஏற்றி ஏழு கணக்கு ஓட்டு, ஒவ்வொன்றின் மொத்த ஆற்றலையும் ஒரு வரைபடத் தாளில் கையால் புள்ளி வை. பள்ளம் மாதிரி ஒரு வளைவு வரும், அதன் அடி எங்கே என்று பார். அப்புறம் கே-புள்ளிகளை (உந்த வரைபடத்தில் கணக்கு எடுக்கும் இடங்களை) ஒவ்வொரு திசையிலும் 4, 6, 8, 10 என்று கூட்டி, அடி நகராமல் நிற்கும் வரை திரும்பச் செய். தாளை ஞாயிற்றுக்கிழமை எடுத்து வா.